சிறிய வருமான வரி அலுவலகத்தை நடத்துவது எப்படி: ஏப்ரல் முதல் கோப்பை மூடும் நாள் வரை

இந்த வழிகாட்டி, நாமக்கல் போன்ற ஊரில் இரண்டு மேசையும் ஓர் உதவியாளருமாக வருமான வரி ரிட்டன் தாக்கல் செய்து தரும் தொழிலைத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், ஓய்வூதியர்கள், லாரி உரிமையாளர்கள், சிறு கடைக்காரர்கள், வெளியூரில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் அவர்களுடைய பிள்ளைகள் என்று வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருபவர்கள் வருமான வரித் துறையின் இணையதளத்தைத் திறந்துகொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள். அதில் கேட்கப்படும் ஒவ்வொரு கட்டத்துக்கும் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் கேட்கிறார்கள். ஜூலை மாதத்துக் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த வரிசைப் பிழையால் வருவது. கீழே உள்ள படிகளில் தளத்தில் தட்டச்சு செய்வது ஒன்பதாவதாகத்தான் வருகிறது.

1. ஏப்ரலிலேயே பட்டியல் எழுதுதல்

சென்ற ஆண்டு வந்தவர்களின் பெயர்களை ஏப்ரல் மாதத்திலேயே எழுதி, அவர்களுக்கான ஆவணங்கள் எப்போது கைக்கு வரும் என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். லாரி உரிமையாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் வங்கி அறிக்கையும் பதிவேடுகளும் ஏப்ரலிலேயே கிடைத்துவிடும். சம்பளக்காரர்களின் நிலை வேறு. நான்காம் காலாண்டு டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடித்துக் கட்டும் வரி) அறிக்கையை நிறுவனங்கள் மே 31க்குள் தாக்கல் செய்கின்றன. சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றான ஃபார்ம் 16ஐ ஜூன் 15க்குள் தருகின்றன. அதற்கு முன் அவர்களை அழைத்து உட்கார வைத்தால், பாதி விவரம் மட்டுமே இருக்கும் ரிட்டனைத்தான் தயாரிக்க முடியும்.

எனவே ஏப்ரல், மே மாதங்களைத் தொழில் செய்பவர்களின் கணக்கைச் சரிபார்க்கவும், ஜூன் பிற்பகுதியைச் சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் ஒதுக்கலாம்.

கடைசித் தேதியை அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்த பிறகே சுவர் அட்டவணையில் எழுத வேண்டும். 2025இல் ஜூலை 31 என்பது முதலில் செப்டம்பர் 15 ஆகவும் பின்பு 16 ஆகவும் மாறியது. அப்படி நீட்டிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பில் வேலையைத் தள்ளிப்போடுவதுதான் புதியவர்களின் முதல் பெரிய தவறு. நீட்டிக்காவிட்டால், தாமதக் கட்டணமாக 5,000 ரூபாயை (மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் 1,000 ரூபாயை) வாடிக்கையாளர் கட்ட நேரிடும்.

2. வாடிக்கையாளரின் அடிப்படை விவரங்களைச் சரிபார்த்தல்

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாள் போதும். பான் எண் ஆதாருடன் இணைந்து செயலில் இருக்கிறதா, ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா, ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கு தளத்தில் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் முதல் சந்திப்பிலேயே பார்த்துவிட வேண்டும். பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்ட் வராது. வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்த பிறகு ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியிருப்பதைக் கவனிக்காததால் ரீஃபண்ட் திரும்பிப் போவதும் அடிக்கடி நடக்கிறது. இவற்றைத் திருத்தச் சில நாட்கள் ஆகும் என்பதால்தான் இந்தப் படி இவ்வளவு முன்னால் வருகிறது.

தளத்தில் முதன்மைத் தொடர்பாக வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மட்டுமே இருக்க வேண்டும்; நம்முடையவற்றை இரண்டாம் தொடர்பாகக் கொடுக்கலாம். வேலை சுலபமாகும் என்று எல்லோருக்கும் தம் அலுவலக மின்னஞ்சலையே போட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுவலகம் மூடப்பட்டாலோ கடவுச்சொல் தொலைந்தாலோ துறை அனுப்பும் நோட்டீஸ் உரியவரின் கண்ணில் படாமலே காலக்கெடு முடிந்துவிடும்.

ஓடிபி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. "ஒரு நம்பர் வரும், சொல்லுங்கம்மா" என்று வயதானவர்களைத் தொலைபேசியில் கேட்டுப் பழக்கிவிட்டால், நாளை ஒரு மோசடிக்காரர் கேட்கும்போதும் அவர்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். நேரில் வரச் செய்வது, அல்லது வீட்டில் உள்ள பிள்ளைகளைக் கொண்டு அவர்களுடைய கைப்பேசியிலேயே செய்ய வைப்பது சிறிது சிரமம்தான். ஆனாலும் அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

3. ஃபார்ம் 16க்கு அப்பால் கேட்க வேண்டிய கேள்விகள்

"போன வருஷம் மாதிரியே போட்டுடுங்க சார்" என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், ஆண்டுக்குள் என்ன மாறியது என்பதைக் குறிப்பிட்ட கேள்விகளாகக் கேட்க வேண்டும். வேலை மாறினீர்களா, நிலம் அல்லது மனை விற்றீர்களா, பங்கு வாங்கி விற்கும் செயலி உங்கள் கைப்பேசியில் இருக்கிறதா, நிரந்தர வைப்புகள் எந்தெந்த வங்கியில் உள்ளன, நிலுவைச் சம்பளம் வந்ததா, வீட்டு வாடகை வருகிறதா என்பவை குறைந்தபட்சக் கேள்விகள். "வேறு வருமானம் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், வைப்புத்தொகையின் வட்டியை வருமானமாகப் பலர் நினைப்பதே இல்லை.

வேலை மாறியவர்களிடம் இரண்டு நிறுவனங்களின் ஃபார்ம் 16ஐயும் வாங்காமல் தொடங்கக் கூடாது. 2025-26 நிதியாண்டில் ஒருவர் முதல் ஆறு மாதம் மாதம் 1 லட்சம், அடுத்த ஆறு மாதம் மாதம் 1.4 லட்சம் சம்பளம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம் என்று கணித்து வரி பிடிக்கவில்லை. இரண்டாவது நிறுவனமோ தான் கொடுத்த 8.4 லட்சத்தை மட்டும் பார்த்து வரி பிடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து, சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக் கழிவு 75,000 ரூபாயை ஒரு முறை மட்டும் கழித்தால் 13,65,000 ரூபாய் வரும். புதிய முறையில் (விகிதம் குறைவு, பெரும்பாலான கழிவுகள் இல்லை) வரி 84,750 ரூபாய். நான்கு சதவீத செஸ் சேர்த்து 88,140 ரூபாய். அதன்மேல் முன்கூட்டி வரி கட்டாததற்கான வட்டி வேறு. இதை ஜூன் மாதத்திலேயே சொன்னால் அவர் பணம் புரட்ட வழியிருக்கும். ஜூலை 30 இரவு சொன்னால் நம்மீதுதான் கோபப்படுவார்.

12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் ரிட்டனே வேண்டாம் என்று நினைப்பவர்களும் இப்போது அதிகம். அது வரித் தள்ளுபடி மட்டுமே. புதிய முறையில் அடிப்படை விலக்கு வரம்பு 4 லட்சம். வருமானம் அதைத் தாண்டினால் ரிட்டன் தாக்கல் செய்தாக வேண்டும்.

4. ஏஐஎஸ், 26ஏஎஸ் இரண்டையும் ஒப்பிடுதல்

ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸையும், அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸையும் தளத்திலிருந்து இறக்கி அச்செடுத்து, வாடிக்கையாளர் தந்த ஆவணங்களுடன் ஒவ்வொரு வரியாகக் குறிக்க வேண்டும். துறையின் கணினி முதலில் ஒப்பிடப்போவது இவற்றைத்தான். அது கேட்கப்போகும் கேள்வியை நாம் முன்பே கேட்டுக்கொள்வதுதான் இந்தப் படியின் பயன். ஜூன் நடுப்பகுதிக்கு முன் இறக்கிய பிரதியை நம்பக் கூடாது. முன்பே எடுத்திருந்தால் தாக்கல் செய்யும் நாளில் மறுபடியும் ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டும்.

இங்கே இரண்டு எதிரெதிரான தவறுகள் நேர்கின்றன. ஒன்று, ஏஐஎஸ்ஸில் உள்ளதை எல்லாம் அப்படியே வருமானமாக எடுத்துக்கொள்வது. கூட்டு வைப்பின் வட்டி இருவர் பெயரிலும் வந்திருக்கலாம். ஒரே தொகை இரண்டு முறை பதிவாகியிருக்கலாம். நிலம் விற்ற முழுத் தொகையும் நிற்கலாம், ஆனால் அது லாபம் ஆகாது. தவறான பதிவு இருந்தால் அதே தளத்தில் மறுப்புக் கருத்தைப் பதிவு செய்து, அதன் ஒப்புகையைக் கோப்பில் வைக்க வேண்டும்.

மற்றொன்று, ஏஐஎஸ்ஸில் இல்லாததை விட்டுவிடுவது. கூட்டுறவுச் சங்க வைப்பின் வட்டி, வீட்டு வாடகை ஆகியவை அதில் வராமல் போகலாம். வங்கிப் புத்தகத்தைப் பன்னிரண்டு மாதமும் புரட்டிப் பார்க்காமல் இந்தப் படி முடிந்ததாகக் கருதக் கூடாது.

குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களின் கணக்கில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. கணவர் இறந்த பின் வரும் குடும்ப ஓய்வூதியம் சம்பளத் தலைப்பின்கீழ் வராது. அது இதர வருமானம். நிலைக் கழிவும் அதற்குக் கிடையாது. மாறாக, ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது புதிய முறையில் 25,000, பழைய முறையில் 15,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது கழியும்.

5. படிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

விவரங்கள் முழுவதும் மேசைக்கு வந்த பிறகே படிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். முதலிலேயே ஐடிஆர்-1 (எளிய சம்பள வருமானத்துக்கான ரிட்டன் படிவம்) என்று முடிவு செய்துவிட்டால், பிறகு தெரியவரும் ஒரு மனை விற்பனை எல்லா வேலையையும் வீணாக்கும். சம்பளத்துடன் மனை விற்ற லாபம் இருந்தால் ஐடிஆர்-2. பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த) வணிகம் செய்திருந்தால், நட்டமே வந்திருந்தாலும் ஐடிஆர்-3. பொறியியல் படித்துச் சென்னை, பெங்களூருவில் வேலை பார்க்கும் இளைஞர்களிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். நட்டம்தானே என்று அவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்; நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச்செல்லும் உரிமையும் அத்துடன் போய்விடுகிறது.

எங்கள் பகுதியில் அதிகம் தேவைப்படுவது 44ஏஈ பிரிவு. ஆண்டின் எந்த நாளிலும் பத்துக்கு மேற்படாத சரக்கு வாகனங்களை வைத்திருப்பவர், கணக்குப் புத்தகம் இல்லாமலே வாகனத்துக்கு இவ்வளவு என்று வருமானம் காட்டலாம். மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு மாதம் டன்னுக்கு 1,000 ரூபாய். அதற்குக் குறைந்த வாகனங்களுக்கு மாதம் 7,500 ரூபாய். 28 டன் லாரி ஒன்று ஆண்டு முழுவதும் இருந்தால் 3,36,000 ரூபாய் ஆகிறது.

இதில் மூன்று இடங்களில் புதியவர்கள் இடறுகிறார்கள். லாரி ஷெட்டில் நின்ற மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள். ஓடியதா என்பது கேள்வியே இல்லை, உரிமை இருந்த மாதம் அனைத்தும் சேரும், மாதத்தின் ஒரு பகுதி என்றாலும் முழு மாதமாகக் கொள்ள வேண்டும். தவணையில் வாங்கிய லாரி ஃபைனான்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று விட்டுவிடுகிறார்கள். வாங்கியவரே உரிமையாளராகக் கருதப்படுவார். எடையை வாய்ச்சொல்லாக வாங்கிக்கொள்கிறார்கள்; ஆர்சி புத்தகத்தின் நகலிலிருந்துதான் எண்ணையும் எடையையும் எழுத வேண்டும், ஏனெனில் படிவத்தில் ஒவ்வொரு வாகனத்தின் பதிவு எண்ணும் கேட்கப்படுகிறது.

நம் ஊரில் ரிட்டன் போடுபவர் எல்லோரையும் "ஆடிட்டர்" என்றே அழைப்பார்கள். பட்டயக் கணக்காளர் அல்லாதவர் அந்தப் பெயரை ஏற்கவும் பலகையில் எழுதவும் கூடாது. விற்றுமுதல் தணிக்கை வரம்பைத் தாண்டியிருந்தால், அந்த வாடிக்கையாளரைத் தாமதமின்றிப் பட்டயக் கணக்காளரிடம் அனுப்பிவிட வேண்டும். அக்டோபரில் அனுப்பினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

6. பழைய முறையா, புதிய முறையா

இரண்டிலும் கணக்கிட்டு இரண்டு தொகைகளையும் வாடிக்கையாளரிடம் எழுத்தில் காட்ட வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறையே இயல்பானது. பழைய முறை வேண்டும் என்றால் கேட்டுப் பெற வேண்டும். சம்பளக்காரர் ரிட்டனிலேயே தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் உள்ளவர் 10-ஐஈஏ படிவத்தைக் கடைசித் தேதிக்குள் தனியாகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். தேதி தவறினால் இருவருக்குமே புதிய முறைதான்.

இதைப் போலவே ரிட்டனுக்கு முன் போக வேண்டிய இன்னொன்று 10ஈ படிவம். நிலுவைச் சம்பளம் பெற்ற ஆசிரியருக்கு 89ஆம் பிரிவின்படி நிவாரணம் உண்டு. 10ஈ இல்லாமல் ரிட்டனில் மட்டும் அதைக் காட்டினால் நிவாரணம் மறுக்கப்பட்டு வரி கேட்டுக் கடிதம் வரும்.

7. கழிவுகளுக்கு ஆதாரம் இல்லாமல் ஒரு ரூபாயும் இல்லை

இந்தத் தொழிலில் ஒருவர் நிலைப்பதும் கெடுவதும் இந்தப் படியில்தான். பழைய முறையில் வரும் ஒவ்வொரு கழிவுக்கும் ரசீது நகல் கோப்பில் இருக்க வேண்டும். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானத்திலிருந்து) காப்பீட்டுப் பாலிசி எண், கல்விக் கடன் கணக்கு எண் போன்றவற்றைப் படிவமே கேட்கிறது. ஆதாரத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பழக்கத்துக்கு இனி இடமில்லை.

"பக்கத்து ஆபீஸ்ல நாற்பதாயிரம் ரீஃபண்ட் வாங்கித் தர்றாங்களே" என்று யாராவது கேட்காத ஆண்டு இல்லை. 2025 ஜூலை 14 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம், போலிக் கழிவுகளைப் போட்டுக் கொடுத்த இடைத்தரகர்களை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனையிட்டு வருவதாக அறிவித்தது. சான்றுகள் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. வீட்டு வாடகைப் படி, அரசியல் கட்சி நன்கொடை, மருத்துவக் காப்பீடு, கல்விக் கடன் வட்டி ஆகியவையே அதிகம் தவறாகப் பயன்பட்டவை. மொத்தமாக ரிட்டன் போடுவதற்காகத் தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கிப் பின்பு கைவிட்டதால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடந்தன என்பதையும் அந்த அறிவிப்பு சுட்டிக்காட்டியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் தாமாகவே திரும்பப் பெற்றிருந்தார்கள்.

வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால் அபராதம் அந்த வரியைப் போல் இருமடங்கு. அதைக் கட்டப்போகிறவர் நம்மை நம்பி வந்த ஆசிரியரோ காவலரோதான். ஆகவே கேட்பவரிடம் கோபப்படாமல், எந்தப் பிரிவின்கீழ் எந்த ரசீது வேண்டும் என்பதைச் சொல்லி, அது இல்லையென்றால் முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சிலர் எழுந்து போவார்கள். போகட்டும்.

முந்தைய ஆண்டில் வேறொருவர் போட்ட ரிட்டனில் பொய்க் கழிவு இருப்பதைக் கண்டால் மறைக்கக் கூடாது. புதுப்பித்த ரிட்டன் தாக்கல் செய்ய, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 48 மாதங்கள் வரை இப்போது வழியிருக்கிறது. தாமதத்துக்கேற்பக் கூடுதல் வரி, 25 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரை ஏறும். துறை விசாரணையைத் தொடங்கிய பின் இந்த வழி அடைபடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

8. வரைவைக் காட்டி ஒப்புதல் பெறுதல், கட்டணம்

தாக்கலுக்கு முன் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள்: எந்தெந்த வருமானம் எவ்வளவு, என்னென்ன கழிவு, கட்டியது எவ்வளவு, கட்ட வேண்டியது அல்லது வர வேண்டியது எவ்வளவு. கையெழுத்தோ வாட்ஸ்அப்பில் ஒப்புதலோ வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டத்தின் முன் ரிட்டனுக்குப் பொறுப்பாளர் வாடிக்கையாளர்தான் என்பதால், அவர் படிக்காத எதையும் அவர் பெயரில் அனுப்ப நமக்கு உரிமை இல்லை. விட்டுப்போன வைப்பு ஒன்று பெரும்பாலும் இந்தத் தாளைப் பார்க்கும்போதுதான் அவர்களுக்கு நினைவு வருகிறது.

கட்டணத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லி, வரைவு ஒப்புதலான அன்று வாங்கிவிட வேண்டும். தாக்கல் முடிந்த பின் கேட்டால் பாதிப் பேரிடம் வராது. எக்காரணம் கொண்டும் ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள். ரீஃபண்ட் கூடினால் நம் வருமானமும் கூடும் என்ற ஏற்பாடு, ஏழாம் படியில் சொன்ன பள்ளத்துக்கு நேராக இட்டுச்செல்லும்.

9. தாக்கலும் மின் சரிபார்ப்பும்

வரி பாக்கி இருந்தால் முதலில் கட்டி, சலான் எண்ணைச் சேர்த்த பிறகே ரிட்டனை அனுப்ப வேண்டும். சலானில் மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது சிறிய கவனக்குறைவுதான். ஆனால் அதைத் திருத்த வாரக்கணக்கில் அலைய நேரிடும்.

அனுப்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. 30 நாட்களுக்குள் மின் சரிபார்ப்பு நடக்க வேண்டும். அது தாமதமானால் சரிபார்த்த தேதியே தாக்கல் தேதியாகக் கொள்ளப்பட்டுத் தாமதக் கட்டணம் விழக்கூடும். வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போதே ஆதார் ஓடிபி மூலம் முடித்துவிடுவது நல்லது. ஆதாரில் பழைய எண் இருப்பவர்களுக்கு இணைய வங்கி வழி இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஐடிஆர்-வி ஒப்புகையில் கையெழுத்து வாங்கி, 30 நாட்களுக்குள் போய்ச் சேரும்படி துறையின் பெங்களூரு மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். இவர்களைத்தான் ஜூன் மாதத்திலேயே முதலில் முடிக்க வேண்டும். கடைசி வாரத்தில் தளமும் மெதுவாகிவிடும்.

10. தாக்கலுக்குப் பின்

ஒரு பதிவேட்டில் தாக்கல் தேதி, சரிபார்த்த தேதி, 143(1) அறிவிப்பு (ரிட்டனைச் சரிபார்த்தபின் துறை அனுப்புவது) வந்த தேதி, ரீஃபண்ட் வந்த தேதி என்று நான்கு பத்திகள் போட்டு, வாரம் ஒருமுறை தளத்தில் பார்த்து நிரப்ப வேண்டும். நான்கும் நிரம்பும்வரை கோப்பு திறந்தே இருக்கட்டும்.

நோட்டீஸ் வந்தால் முதலில் எந்தப் பிரிவு, எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். குறைபாடுள்ள ரிட்டன் என்ற 139(9) நோட்டீஸுக்கு 15 நாள். வருமானத்தைச் சரிசெய்யப்போவதாக வரும் 143(1)(ஏ) தகவலுக்கு 30 நாள். பிழை நம்முடையது என்றால் அதை வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்டு, கட்டணம் வாங்காமல் திருத்திக் கொடுக்க வேண்டும். துறையின் கணிப்பு தவறு என்றால், நான்காம் படியில் குறித்து வைத்த அச்சுப் பிரதியே நமக்குத் துணை.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். அந்த நாளிலிருந்து ஈட்டும் வருமானத்துக்குப் பிரிவு எண்கள் மாறுகின்றன. 'மதிப்பீட்டு ஆண்டு' என்பதற்குப் பதிலாக 'வரி ஆண்டு' வருகிறது. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கோ 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். சில ஆண்டுகளுக்கு இரண்டு சட்டங்களின் கோப்புகளும் ஒரே அலமாரியில் இருக்கும் என்பதால், கோப்பின் மேலட்டையில் நிதியாண்டையும் சட்டத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, உள்ளே கடைசித் தாளில் அடுத்த ஆண்டு கேட்க வேண்டிய கேள்விகளைக் குறித்து வையுங்கள்: "செப்டம்பரில் லாரி விற்பதாகச் சொன்னார்", "மகள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்", "வைப்பு மார்ச்சில் முதிர்கிறது".